கையும் நாக்கும் அக்கம்பக்கம்

பேச்சை வாயின் வேலை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். மூளையோ அதை உடம்பின் வேலையாகவும் நடத்துகிறது. பக்கவாத நோயாளியின் கட்டிலிலிருந்து மழலையர் வகுப்பு வரை, இந்த உறவு நம் வீட்டுக்குள் என்ன செய்கிறது?

1997, சிகாகோ பல்கலைக்கழகம். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மார்புக்கு முன்னால் ஒரு மறைப்பு, அதற்கடியில் இரண்டு கைகளும். குனிந்து பார்த்தாலும் அவருக்குத் தன் கை தெரியாது. சற்று முன்புதான் ஒரு கார்ட்டூன் போட்டுக் காட்டியிருந்தார்கள். ட்வீட்டி என்ற குஞ்சுப் பறவையைப் பிடிக்க சில்வஸ்டர் பூனை படும் பாடு. "பார்த்த கதையைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவர் வாய் திறந்ததும் மறைப்புக்கடியில் கைகளும் கிளம்புகின்றன. கதை ஓட ஓட, சொல்லோடு ஒட்டிக்கொண்டு கையும் ஓடுகிறது. மெதுவாகப் பேசினால் கையும் மெதுவாகிறது.

கையை ஆட்டிப் பேசுவதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆள் யாரென்று தெரிந்தால் அப்படித் தோன்றாது. இயன் வாட்டர்மேன் என்ற அந்த ஆங்கிலேயர் 1971இல், 19 வயதில், ஜெர்சி தீவில் ஓர் இறைச்சிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காய்ச்சல் வந்தது. கழுத்துக்குக் கீழே தொடு உணர்வு போனது. கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் சேர்ந்து போனது. தசையை அசைக்கும் நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தன் கை எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். ஒவ்வோர் அசைவையும் கண்காணித்து, மாதக்கணக்கில் பாடுபட்டு, நடக்கவும் சாப்பிடவும் திரும்பக் கற்றார். விளக்கு அணைந்தால் நின்ற இடத்தில் சரிந்துவிடுவார்.

அப்படிப்பட்டவரின் கைகள், கண்ணுக்கு மறைந்த பிறகும், பேச்சு என்று வந்தால் தடுமாறவில்லை. அதே மறைப்புக்கடியில் ஒரு பொருளை எடுத்துக் கையாளுவது அவரால் ஆகாத காரியம். ஆய்வை நடத்திய டேவிட் மெக்நீல் இதிலிருந்து வந்தடைந்த முடிவு: பேச்சோடு வரும் கையசைவை நடத்துவது பேச்சின் இயந்திரமே. பொருளை எடுக்கும் கை ஒரு வழியில் இயங்குகிறது, பேசும்போது அசையும் கை இன்னொரு வழியில்.

'டான்' சொன்ன மனிதர்

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாரிஸை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பவர் 21 ஆண்டுகள் இருந்தார். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பார். சொன்னது புரியும், பதில் வராது. கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு முழு வசைச்சொல் தெளிவாக வந்து விழும். பேச்சு போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வலக்கை விழுந்தது, அதன்பின் வலக்கால். 1861 ஏப்ரலில் அவர் இறந்ததும் அறுவை மருத்துவர் பால் ப்ரோகா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நெற்றிப் பக்கத்தில் பழுது. 'பேச்சு மையம்' என்று ஓர் இடம் பாடப்புத்தகத்தில் ஏறியது அப்படித்தான்.

அடுத்தது மான்ட்ரியல். 1930களில் வில்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையில் வைத்து அறுவை செய்தபோது, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் தொட்டால் விரல் துடிக்கும், சற்றுக் கீழே தொட்டால் உதடு, இன்னும் கீழே நாக்கு. அசைவுக்குக் கட்டளையிடும் மோட்டார் கார்ட்டெக்ஸ் பட்டையில் அவர் வரைந்த வரைபடம் இன்றும் நரம்பியல் வகுப்புகளில் தொங்குகிறது. முதுகுக்கும் தொடைக்கும் அதில் துக்கடா இடம். பெரிய மனைகள் கைக்கும் வாய்க்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் முகம்.

அக்கம்பக்கம் என்றால் சத்தம் கேட்கத்தானே செய்யும். கத்திரிக்கோலால் வெட்டுகிறவர்கள் தாடையையும் சேர்த்து அசைப்பதை 1872இலேயே சார்லஸ் டார்வின் குறித்துவைத்தார். ஊசியில் நூல் கோக்கும்போது உதட்டைக் குவிக்காதவர் யார்? இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் மௌரிட்சியோ ஜென்டிலூச்சி இதை அளந்தே பார்த்தார். பெரிய பொருளைக் கையில் பிடித்தபடி ஓர் அசையைச் சொன்னால், சின்னப் பொருளைப் பிடித்திருக்கும்போது திறப்பதைவிட வாய் அகலமாகத் திறக்கிறது.

பேச்சே ஓர் அசைவுதான் என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகளைக் காதில் விழும் ஒலியாக விளக்கவில்லை. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லி, நாக்கு எதைத் தொட்டால் எது பிறக்கும் என்று உடம்பை வைத்தே சொல்கிறது.

ஆனால் இந்த மொழி இயந்திரம் வாயை மட்டும் நம்பியும் இல்லை. 1991இல் லாரா ஆன் பெட்டிட்டோ, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகளைப் படம்பிடித்தார். மற்றக் குழந்தைகள் 'பபபா' என்று மழலை பேசும் வயதில், இவர்களின் விரல்கள் சைகை மொழியின் அசைகளைப் பொருளில்லாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தன. கைமழலை! இன்னொரு செய்தி அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்திலிருந்து. சைகை மொழியிலேயே வாழ்ந்தவர்களுக்கு இடது மூளையில் பக்கவாதம் தாக்கினால், பேசுகிறவர்களுக்குச் சொல் உடைவதுபோல அவர்களுக்குச் சைகை உடைகிறது. வலது மூளையில் தாக்கினால் படம் வரைவது சிதைகிறது, சைகை மொழி பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

'உதை' என்றால் கால் துடிக்கிறதா?

2004இல் கேம்பிரிட்ஜில் ஓலாஃப் ஹௌக், ஃபிரெடமன் புல்வர்முல்லர் குழு ஸ்கேனருக்குள் ஆட்களைப் படுக்கவைத்து வினைச்சொற்களை வாசிக்கச் சொன்னது. யாரும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் நக்குவதைக் குறிக்கும் சொல்லுக்கு நாக்கின் பகுதிக்கு அருகிலும், பொறுக்கி எடுப்பதற்குக் கையின் பகுதியிலும், உதைப்பதற்குக் காலின் பகுதியிலும் மூளை சுறுசுறுப்பானது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே, பார்மாவில் ஜாக்கமோ ரிட்சொலாட்டி குழு குரங்குகளிடம் 'கண்ணாடி நியூரான்'களைக் கண்டுபிடித்திருந்தது. குரங்கு ஒரு பொருளை எடுத்தாலும் இயங்கும், இன்னொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் இயங்கும் செல்கள். அவை இருந்த இடம் மனிதனின் ப்ரோகா பகுதிக்கு இணையானது. கையசைவிலிருந்தே மொழி பிறந்தது என்ற கருத்து அதன்பின் சூடுபிடித்தது. பரிவு, கலை, ஆட்டிசம் என்று எல்லாவற்றுக்கும் கண்ணாடி நியூரானே விடை என்று எழுதித் தள்ளினார்கள். இங்கே கொஞ்சம் பிரேக் போட வேண்டும். 2014இல் கிரெகரி ஹிக்காக் இந்த ஆரவாரத்தை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். பிறவியிலேயே கைகள் இல்லாதவர்கள் மற்றவர் கையசைவைக் குறையின்றிப் புரிந்துகொள்வதை ஜில் வானுஸ்கோர்ப்ஸும் அல்ஃபோன்சோ கராமாட்சாவும் காட்டினார்கள். எனவே 'உதை' என்ற சொல் புரிய கால் பகுதி கட்டாயம் வேண்டும் என்று சொல்ல முடியாது. அந்தப் பகுதி சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு உதவுகிறது என்பதில்தான் சண்டை.

எனக்கு இவற்றையெல்லாம்விட நம்பகமாகப் படுவது 2021இல் பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து வந்த குறடு சோதனை. 30 சென்டிமீட்டர் நீளக் குறட்டால் சின்னச் சின்ன முளைகளை எடுத்துத் துளைகளில் செருக வேண்டும். அரை மணி நேரம் இப்படிப் பழகியவர்கள், 'எழுத்தாளர் பாராட்டுகிற அறிஞர்' என்பதுபோல யார் யாரைச் செய்தார் என்று குழப்பும் சிக்கலான பிரெஞ்சு வாக்கியங்களை முன்பைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வெறுங்கையால் அதே வேலையைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. தலைகீழாகவும் நடந்தது: வாக்கியப் பயிற்சி எடுத்தவர்களின் குறடு வேலை மேம்பட்டது. இரண்டு வேலைக்கும் மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்ற ஒரே பகுதி உழைப்பதை ஸ்கேன் காட்டியது.

> பெட்டிச் செய்தி: எந்தப் பக்கம்?
> வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 100க்குச் சுமார் 95 பேருக்கு மொழியை முக்கியமாக நடத்துவது இடது மூளை. இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் 10இல் 7 பேருக்கு அப்படித்தான். வலக்கையை நடத்துவதும் இடது மூளையே. ஆகவேதான் பேச்சும் வலக்கையும் அடிக்கடி சேர்ந்தே விழுகின்றன. இதில் ரத்தக்குழாய்க்கும் பங்கு உண்டு. முகம், கை, பேச்சு மூன்றின் பகுதிகளுக்கும் பெரும்பாலும் ரத்தம் கொண்டுபோவது நடுப் பெருமூளைத் தமனி என்ற ஒரே குழாய். அதில் அடைப்பு என்றால் மூன்றுக்கும் ஆபத்து.

"அப்பாவுக்குக் காது கேட்கலையா?"

ஆய்வுக்கூடத்துச் சண்டைகள் அங்கேயே நடக்கட்டும். இந்த அக்கம்பக்க உறவு அன்றாடம் வேலை செய்யும் இடம், பக்கவாதம் வந்த வீடு.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பிசியோவுக்கு ஆள் வருகிறது. கை மடக்கு, கால் நீட்டு, எண்ணெய், வெந்நீர் ஒத்தடம். பேச்சு? "அது தானா வந்துரும்." பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. கை விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, சொல் விழுந்தால் தெரிவதில்லை. பேசாதவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக் கத்துவார்கள். இல்லையென்றால் புத்தி போய்விட்டது என்று முடிவுகட்டி, அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவார்கள். வங்கிக் கையெழுத்தும் சொத்துப் பேச்சும் அவர் தலைக்கு மேலே நடக்கும். லெபோர்னை நினைத்துக்கொள்ளுங்கள். 'டான்' தவிர ஒன்றும் சொல்லாதவருக்கு, சுற்றிலும் நடப்பது பெரும்பாலும் புரிந்துகொண்டுதான் இருந்தது.

பேச்சு குலைவதில் மூன்று விதம் உண்டு. மருத்துவரிடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வாய்த்தசை வலுவிழந்து குழறுவது டிசார்த்ரியா. இதில் மொழி பத்திரமாக இருக்கும். எழுதிக் காட்டச் சொன்னால் பல பேர் எழுதிவிடுவார்கள். மொழியே சிக்கிக்கொள்வது அஃபேசியா. இதில் சொல் கிடைக்காது, அல்லது கேட்பது புரியாது, எழுத்தும் சேர்ந்து குலையும். மூன்றாவது அப்ராக்சியா. தசையில் வலு இருக்கும், சொல்லும் தெரியும், ஆனால் நாக்கையும் உதட்டையும் எந்த வரிசையில் அசைப்பது என்ற திட்டம் குழம்பிவிடும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஸ்பீச் தெரபி வேறு. யூடியூபைப் பார்த்து ஊதல் ஊதவைப்பது, அஃபேசியாகாரருக்கு ஒரு சொல்லைக்கூடத் திருப்பித் தராது.

> பெட்டிச் செய்தி: மூன்று கேள்வி, ஒரு கடிகாரம்
> முகம்: சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? கை: இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தொங்குகிறதா? பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று தவறினாலும் 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுக்கவைக்க வேண்டாம்.

வீட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. பேரனின் பெயரைச் சொல்ல முடியாத தாத்தா 'முருகா' என்கிறார். ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுகிறார். பழைய சினிமாப் பாட்டின் பல்லவி வார்த்தை பிசகாமல் வருகிறது. "பாட்டு வருது, பேச வரலையா? நடிக்கிறார்" என்று ஒரு குரல் எழும். நடிப்பில்லை. மனப்பாடமான வரிசைகளும் வசையும் பிரார்த்தனையும் பாட்டும், புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவதற்கான பாதையை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. லெபோர்னின் வசைச்சொல்லும் அந்த வழியாக வந்ததுதான்.

இதைப் பிடித்துக்கொண்டு 1973இல் பாஸ்டனில் ஒரு சிகிச்சையை வகுத்தார்கள். 'தண்ணி வேணும்' போன்ற ஒரு சின்னத் தொடரை ராகமிழுத்துச் சொல்வது, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தட்டுவது. தாளம் போட்டுப் பாடிப் பழகிய நம் ஆட்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பழகிய தொடர்கள் பலருக்கு நன்றாகத் திரும்புகின்றன. அதற்கு வெளியே அன்றாடப் பேச்சு எவ்வளவு மீளும் என்பதில் முடிவுகள் அவ்வளவு பிரகாசமாக இல்லை. வேலை செய்வது ராகமா, தாளமா, கைத்தட்டா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. அற்புதம் என்று விற்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பாட்டாவது ஒன்றாவது என்று ஒதுக்குவதும் அதே அளவு தவறு.

ப்ரோகாவின் 'மையம்' பற்றியும் ஒரு திருத்தம். 2007இல் லெபோர்னின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பழுது, ப்ரோகா மேலிருந்து பார்த்ததைவிட மிக ஆழமாக உள்ளே போயிருந்தது. 'பேச்சு மையம் போயிடுச்சு, இனி வராது' என்று ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்லும் உறவினரின் தீர்ப்பை நம்ப வேண்டியதில்லை.

நடக்கையில் பேச்சுக் கொடுக்காதீர்கள்

பார்க்கின்சன் நோய் அசைவைத்தான் திருடுகிறது என்று நினைக்கிறோம். கை நடுக்கம், சிற்றடி நடை. 2008இல் வெரோனிக் புலஞ்சே குழு மருந்தின் வேகம் இறங்கிய நிலையில் நோயாளிகளைச் சோதித்தது. பொருள்களின் பெயர்களை மூளை வழக்கம்போலவே கையாண்டது. செயலைக் குறிக்கும் வினைச்சொற்களில் மட்டும் தடங்கல். லெவோடோபா கொடுத்ததும் அது சரியானது. அசைவுக்கான மருந்து, வினைச்சொல்லையும் தூக்கிவிட்டது.

இதன் மறுபக்கம் ஸ்வீடனில் தெரிந்தது. 1997இல் முதியோர் இல்லவாசிகள் 58 பேரை நடக்கவிட்டு, கூடவே நடந்து பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்ல 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த 6 மாதத்துக்குள் அந்தப் 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்தைப் பங்குபோடுகின்றன. வயதானவருக்கு இரண்டுக்கும் போதவில்லை. படியிறங்கும் பாட்டியிடம் மாப்பிள்ளை வீட்டுச் சேதி கேட்காதீர்கள். பேச்சுக் கொடுத்தால் நிற்கிறார் என்றால், குளியலறையில் கைப்பிடி போட இதுவே நேரம்.

கையைக் கட்டு, வாயைப் பொத்து

நம் வகுப்பறைகளில் தலைமுறைகளாக ஒலிக்கும் கட்டளை இது. கையையும் வாயையும் ஒரே மூச்சில் அடக்கிவிடுகிறது.

சிகாகோவின் சூசன் கோல்டின் மெடோ இந்தக் கைகளையே பல்லாண்டு கவனித்தவர். 1998இல் ஜனா ஐவர்சனோடு சேர்ந்து, பிறவியிலேயே பார்வையில்லாத 12 பிள்ளைகளைப் பேசவைத்தார். யாரும் கையாட்டுவதைப் பார்த்தே இராத அந்தப் பிள்ளைகள் கையாட்டிப் பேசினார்கள். கேட்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தபோதும் பார்வையற்ற பிள்ளைகளின் கைகள் நிற்கவில்லை! 2008இல் கணக்குப் பாடம். விளக்கத்தோடு கையசைவையும் செய்யச் சொன்ன பிள்ளைகள், 4 வாரம் கழித்தும் கற்றதை மறக்கவில்லை. வாயால் மட்டும் சொன்னவர்களிடம் அது அவ்வளவாகத் தங்கவில்லை.

இன்னும் சின்ன வயதில், விரல்நீட்டிக் காட்டுவதே பேச்சின் முன்வாசல். நாயைக் காட்டி 'போ' என்னும் குழந்தை, அதாவது ஒரு சைகையோடு ஒரு சொல்லைச் சேர்க்கும் குழந்தை, கொஞ்ச நாளில் இரண்டு சொல்லைச் சேர்த்துவிடும். இரண்டு வயது நெருங்கியும் விரல்நீட்டாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை 'ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்' என்று காத்திருக்கவைக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எழுத்துக்கும் இதே கதைதான். 2012இல் அமெரிக்காவின் இண்டியானாவில், எழுத்து தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு ஸ்கேனரில் அந்த எழுத்துகளைப் பார்த்தபோது, வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் எழுதிப் பழகிய எழுத்துக்கே எழுந்தன. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தேய எழுதிய முன்னோர் இதைத் தெரிந்து செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் டேப்லெட்டில் 'அ'வைத் தொட்டால் பாட்டு வரும் செயலிக்கு மாதச் சந்தா கட்டுவதைவிட, ஒரு தட்டில் அரிசியோ மணலோ மலிவு.

அதற்காக 'இடது வலது மூளையை இணைக்கும் உடற்பயிற்சி', 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்று ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் வகுப்புகளுக்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதரவும் கிடையாது. அந்த வகுப்புகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசித்துக் காட்டும் பிள்ளை மூக்கோரத்து இடைவெளியில் பார்க்கிறது, அவ்வளவே.

அசையாத நாக்கின் அசைவு

2023இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் சாங் குழு, பக்கவாதத்தால் 18 ஆண்டுகளாகப் பேச முடியாத ஒரு பெண்ணின் மூளைமேல் 253 மின்முனைகளைப் பதித்தது. அவர் வாயை அசைக்க முயல்வார். வாய் அசையாது, ஆனால் மூளையிலிருந்து கட்டளை புறப்படும். கணினி அதைப் பிடித்து நிமிடத்துக்குச் சுமார் 78 சொற்களாக்கியது. திரையில் ஓர் உருவம் பேசியது, அவருடைய சொந்தக் குரலில். குரலை எங்கிருந்து எடுத்தார்கள்? அவர் தன் திருமணத்தில் பேசிய வீடியோவிலிருந்து.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு நோயாளிக்கு, நாக்கையும் உதட்டையும் நடத்தும் பகுதியில் சில மின்முனைகள், புகழ்பெற்ற ப்ரோகா பகுதியில் சில. நிமிடத்துக்கு 62 சொற்கள் வந்தன. அத்தனையும் அசைவுப் பகுதியிலிருந்து. ப்ரோகா பகுதியில் பதித்த முனைகளிலிருந்து உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தக் கருவிகள் கேட்பது எண்ணத்தை அல்ல, உடம்புக்குப் போகும் உத்தரவை. 'மனதைப் படிக்கும் சிப்' என்ற தலைப்புகளை அதற்கேற்பத் தள்ளுபடி செய்து வாசியுங்கள்.

முழுத் தள்ளுபடியும் கூடாது. மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் பேச்சும் அந்த அசைவுப் பட்டையில் மெல்லிய தடம் விடுகிறது. 2025இல் ஸ்டான்ஃபோர்ட் குழு அதையும் ஓரளவு படித்தது. நோயாளி சொல்ல விரும்பாததைக் கருவி உளறிவிட்டால்? எனவே ஒரு கடவுச்சொல் வைத்தார்கள். ஒரு பழைய ஆங்கிலப் படத்தின் பெயரை மனதுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். சட்டம் இந்தப் பக்கம் இப்போதுதான் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கிறது. மூளைப் பதிவு யாருடைய சொத்து, மருத்துவமனையுடையதா, கருவி செய்த கம்பெனியுடையதா, என்ற கேள்வி சிப் சந்தைக்கு வரும்முன் தீர வேண்டியது.

நமக்கு நேராகப் பயன்படக்கூடியது 2024இல் சாங் குழு வெளியிட்டது. அவர்களின் முதல் நோயாளிக்குத் தாய்மொழி ஸ்பானிஷ். ஆங்கிலம் பக்கவாதத்துக்குப் பிறகு கற்றது. ஒரு மொழியின் அசைகளைப் படிக்கப் பழகிய கணினிக்கு மற்ற மொழி சீக்கிரமே பிடிபட்டது. இரண்டு மொழிக்கும் அவர் மூளை பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் பயன்படுத்தியது. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு மூடுவது எந்த மொழியிலும் ஒன்றுதானே. ஆக, தமிழுக்கு ஒரு கருவி செய்ய நேர்ந்தால் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. அமெரிக்கர்களின் 'ர' ஓரளவு நம் ழகரத்தை எட்டும். ஆனால் 'ண'வுக்கும் 'ள'வுக்கும் நாக்கு மேலண்ணத்தில் மடிந்து படுகிற அசைவை ஆங்கிலப் பதிவுகளில் தேடிப் பயனில்லை. அதைத் தமிழ் பேசும் ஒருவரின் மூளையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.